எதிர்ப்பொருளின் அளவு காப்பின் அளவு ஆகுமா?

தடுப்பு மருந்துகளைப் பற்றி இன்று படித்தவரிடையே ஒரு கொள்கை வேரூன்றியிருக்கிறது. வைரஸின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டு நிற்கும் புரதத்தை ஏதேனும் ஒரு பிராணியின் உடலிற் செலுத்தி, அதற்கு எதிராக அப்பிராணியின் இரத்தத்தில் எழும் எதிர்ப்பொருளை அளந்து, அந்த அளவு உயர்ந்து நின்றால் மருந்து சித்தித்துவிட்டது என்றும், தாழ்ந்து நின்றால் மருந்து பயனற்றது என்றும், பிராணிக்கு மெய்யானது மனிதனுக்கும் மெய்யே என்றும் தீர்ப்புக் கூறிவிடுவதே அக்கொள்கை. கொரோனாக் காலத்தில் இது எங்கள் தக்கலைப் பேருந்து நிலையத்தருகே தேநீர் குடிப்பவர் வாயிலும் வந்துவிட்டது. "குரங்குக்குப் பலிச்சது நமக்குப் பலிக்காதா?" என்று கேட்டவர்களே, ஊசி போட்டுக்கொண்ட சில வாரங்களில், "ரத்தத்துல எத்தனை ஏறியிருக்கு?" என்று காசு கொடுத்துச் சோதித்துப் பார்த்து, எண் பெரிதாயிருந்தால் மகிழ்ந்தும் சிறிதாயிருந்தால் கலங்கியும் போனார்கள். பாமரர் மட்டும் இப்படி எண்ணினால் இதை மறுக்க ஒரு கட்டுரை வேண்டியதில்லை. பத்திரிகைகள் இவ்வாறே எழுதின. அதிகாரிகள் இவ்வாறே அறிக்கை விடுத்தனர். வைத்தியர்களிற் பலரும் இதை ஆமோதித்தனர். இது முற்றிலும் பிழையான கொள்கை என்பதையும், வெறும் அறிவுப் பிழையோடு நில்லாமல் நாளடைவில் தடுப்பூசியின்மேல் ஜனங்களுக்குள்ள நம்பிக்கையையே அரித்துவிடக்கூடியது என்பதையும் காட்டுவதே என் நோக்கம்.

தடுப்பூசிக்கு விரோதமாக நான் பேசுவதாக எவரும் கொள்ளலாகாது. திருவிதாங்கூரோடு எங்கள் ஊர் சேர்ந்திருந்த நாளில், 1879ஆம் ஆண்டிலேயே, அரசு ஊழியரும் மாணாக்கரும் சிறைக்கைதிகளும் அம்மை குத்திக்கொள்ளவேண்டும் என்று அரசு ஆணை பிறந்தது. பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்ததைக் கண்ட தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். தடுப்பூசி மெய்யான வரப்பிரசாதம் என்று நம்புகிறவன் ஆதலினாலேயே, அதன் பெயரால் வழங்கும் ஒரு போலிப் பிரமாணத்தைக் கண்டு வாளாவிருக்க என்னால் இயலவில்லை.

அனுமானம் செல்லுபடியாக வேண்டுமானால் அதற்கு வியாப்தி வேண்டும் என்பது நம் தர்க்க சாஸ்திரத்தின் முதற்பாடம். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற இடையறாத தொடர்பு முன்னரே நிலைநாட்டப்பட்டிருந்தாலன்றிப் புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்க ஒருவனுக்கு உரிமையில்லை. அவ்வாறே, எதிர்ப்பொருள் மிக்க இடமெல்லாம் காப்பு உண்டு, ஒரு பிராணிக்குக் கிட்டிய காப்பு மனிதனுக்கும் கிட்டும் என்ற இரண்டு தொடர்புகளும் நிலைநாட்டப்பட்டிருந்தாலன்றி மேற்சொன்ன கொள்கைக்கு அடித்தளமே கிடையாது. அவை நிலைநாட்டப்பட்டிருக்கின்றனவா என்பதை, அக்கொள்கையினருக்கு மிகவும் அனுகூலமான இடத்திலேயே சோதித்துப் பார்ப்போம்.

அவர்களுக்கு வெறிநாய்க்கடியைக் காட்டிலும் அனுகூலமான இடம் வேறில்லை. துப்பாக்கிக் குண்டின் வடிவிலமைந்த அந்த வைரஸ் ஐந்தே புரதங்களால் ஆனது. அவற்றுள் வெளியே தலைகாட்டுவது ஒன்றே. ஜி புரதம் என்பது அதன் பெயர். நரம்பணுவை வைரஸ் பற்றிக்கொள்வது அதனால். வைரஸைச் செயலறச் செய்யும் எதிர்ப்பொருள்கள் குறிவைப்பதும் அதனையே. ஒரே பகைவன், அவனுக்கு ஒரே முகம் என்னும்போது, அம்முகத்தை எந்தப் பிராணிக்கு அறிமுகப்படுத்தினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கவேண்டுமல்லவா? இருக்கவில்லை. 1984ஆம் ஆண்டில், இந்த ஜி புரதத்தின் மரபணுவை மட்டும் பிரித்தெடுத்து, அம்மை குத்துவதற்குப் பயன்படும் வாக்சினியா வைரஸினுள் பொருத்தி, ஒரு புதிய மருந்தைச் சிருஷ்டித்தார்கள். அதை இரைக்குள் வைத்துக் காட்டில் எறிந்தால் நரி தின்று காப்புப் பெறும் என்பது கண்டு, 1987ல் பெல்ஜியத்தில் முதன்முதலாகக் களத்தில் இறக்கினார்கள். மேற்கு ஐரோப்பாவின் நரிகளிடமிருந்து அந்நோய் விரட்டப்பட்டதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்காவில் ரக்கூன் என்ற பிராணியையும் அது காத்தது. ஆனால் அதே நாட்டில் வாழும் ஸ்கங்க் என்ற பிராணிக்கு, அதே மருந்தை, அதே புரதத்தை, அதே வாய்வழியாகக் கொடுத்தபோது போதிய காப்பு உண்டாகவில்லை. நாய்க்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தபோதும் பலன் ஒரு சீராக அமையவில்லை. புரதத்தில் அணுவளவும் மாற்றமில்லை. மாறியது உண்ட பிராணியும், அதன் வாய்ச் சவ்வும் தொண்டைச் சதையும் மருந்தைப் பற்றிக்கொண்ட விதமுமே. நரிக்கும் ஸ்கங்குக்கும் இடையிலேயே செல்லாத அனுமானம், எலிக்கும் மனிதனுக்கும் இடையில் மட்டும் விசாரணையின்றிச் செல்லும் என்று கொள்வதற்கு என்ன ஆதாரம்?

எலியின் கதையை நம் நாட்டிலேயே பார்க்கலாம். 1907ல் குன்னூரில் தோன்றிய பாஸ்டர் நிலையமும், வடக்கே கசௌலியிலிருந்த ஆராய்ச்சி நிலையமும் எத்தனையோ ஆயிரம் உயிர்களைக் காத்தவை என்பதில் ஐயமில்லை. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911ல் வகுத்த முறைப்படி, நோய் ஏற்றிய ஆட்டின் மூளையை அரைத்துக் கார்பாலிக் அமிலத்தால் வைரஸைக் கொன்று செய்த மருந்துதான், நாள்தோறும் வயிற்றில் ஒன்றாகப் பதினான்கு ஊசி வரை போடப்பட்டதென்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூரும் அந்த மருந்து. அத்தகைய மருந்துகளின் வீரியத்தைப் பிற்காலத்தில் எலியைக் கொண்டு பரீட்சித்தார்கள். எலியின் வயிற்றில் மருந்தை இருமுறை செலுத்தி, பதினான்காம் நாள் உயிருள்ள வைரஸை அதன் மூளைக்குள்ளேயே நேராக ஏற்றி, எத்தனை எலிகள் பிழைக்கின்றன என்று எண்ணுவதே அப்பரீட்சை. எந்த நாயும் மனிதனின் மூளையைக் கடிப்பதில்லை; காலையோ கையையோ முகத்தையோ கடிக்கிறது. கடித்த இடத்துத் தசையிலிருந்து நரம்பின் வழியே மெல்ல ஏறும் வைரஸை வழிமறிக்க நாட்கள் உண்டு என்பதுதான் கடிபட்ட பின்னும் ஊசி பலிப்பதன் இரகசியம். அந்த இரகசியத்தைப் பற்றி எலிப் பரீட்சை ஒன்றும் பேசுவதில்லை. அது பேசாதது இன்னொன்றும் உண்டு, அதுவே கொடியது. ஆட்டு மூளையோடு சேர்ந்து உள்ளே போன நரம்புறைப் பொருளையும் மனித உடல் அந்நியமென்று கருதி, அதற்கு எதிராக எழுந்து, தன் நரம்புறையையே தாக்கியதனால், கடிபட்டவர்களிற் சிலர் நோயால் மடியாமல் மருந்தால் கைகால் முடங்கிப் போயினர். சிலர் இறந்தும் போயினர். எலியின் கணக்கில் தேறிய மருந்துதான் அது. வைரஸுக்கு எதிர்ப்பு எழுந்ததா என்ற ஒரு கேள்வியையே கேட்டவர்கள், அதனோடு வேறு எதற்கெல்லாம் எதிர்ப்பு எழுகிறது என்று கேட்கவில்லை. நம் நாட்டில் இம்மருந்து முற்றிலும் நிறுத்தப்பட்டது 2004ஆம் ஆண்டின் இறுதியில்தான். உயிரணுக்களில் வளர்த்த வைரஸாற் செய்த தூய மருந்து கிடைத்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்னர்.

இன்று அரசு மருத்துவமனைகளில் தோலினுள் போடப்படும் வெறிநாய்க்கடி ஊசியையும் நினைத்துப் பாருங்கள். தசையில் போட்டால், மருந்தின் வகைக்கேற்ப, அரை அல்லது ஒரு மில்லிலிட்டர் வேண்டும். தோலினுள் போட்டால் ஓரிடத்துக்குப் பத்தில் ஒரு மில்லிலிட்டர் போதும். 2006ல் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட இம்முறை ஏழைக்கும் மருந்து எட்டும்படி செய்தது. தோலில் காவல் நிற்கும் உயிரணுக்கள் மிகுதி என்பதால் சிறு அளவே பெரும் பலன் தருகிறது. வழி மாறினாலே விளைவு இவ்வளவு மாறுமானால், உடலே மாறும்போது என்னவாகும்?

அளவு என்னும் மற்றொரு தூணுக்கு வருவோம். குழந்தைகளின் சுவாசத்தைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸுக்கு எதிராக, அதை ஃபார்மலினாற் கொன்று செய்த ஒரு மருந்து 1966ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. குழந்தைகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் எழுந்தது. இன்றைய கொள்கையினர் அங்கிருந்திருந்தால் வெற்றி முரசு கொட்டியிருப்பார்கள். பின்னர் அக்குழந்தைகளை மெய்யான வைரஸ் தொற்றியபோது, ஊசி போடாதவர்களைக் காட்டிலும் போட்டவர்களுக்கே நோய் முற்றியது. ஒரு குழுவில் நோய் தொற்றிய குழந்தைகளில் ஐந்தில் நான்கு பங்கினர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர்; இரண்டு பச்சிளங்குழந்தைகள் மாண்டன. எழுந்த எதிர்ப்பொருள் வைரஸைப் பற்றியதேயொழிய அதை அடக்கவில்லை. காரணம் விளங்க அரை நூற்றாண்டு சென்றது. அவ்வைரஸின் எஃப் என்ற மேற்பரப்புப் புரதம், உயிரணுவினுள் புகுமுன் ஒரு வடிவும் புகுந்தபின் வேறொரு வடிவும் கொள்வது. கூம்பாய் மூடிய வாழைப்பூவை மடல் விரிந்தபின் முதன்முதலாகப் பார்ப்பவன் அதே பூவென்று சொல்லமாட்டான், அவ்வளவு வேற்றுமை. ஃபார்மலின் பட்ட மருந்தில் இருந்தவை பெரும்பாலும் புகுந்தபின் கொள்ளும் வடிவங்கள். உடலும் அந்த வடிவத்துக்கே எதிர்ப்பொருளைக் குவித்தது. 2013ல் புகுமுன் வடிவத்தின் அமைப்பைக் கண்டறிந்து, அதனை அவ்வடிவிலேயே நிறுத்திவைக்கும் உபாயத்தையும் கண்ட பின்னரே மெய்யான மருந்து பிறந்தது. 2023ல் அது அனுமதி பெற்றது. இவ்வளவும் அளவைப் பற்றிய கதையன்று. எதற்கு எதிரான எதிர்ப்பொருள் என்பதைப் பற்றிய கதை. பயனற்ற வடிவத்துக்கு எதிராக இரத்தம் நிறைய எதிர்ப்பொருள் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. இருப்பதே தீங்கு என்றாயிற்று.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். 2020ல் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தில் இருபது ரீசஸ் குரங்குகளை நான்கு குழுக்களாகப் பிரித்துக் கோவாக்சின் மருந்தைப் பரீட்சித்தார்கள். ஊசி பெற்ற குரங்குகளின் நுரையீரலில் வைரஸ் விரைவில் மறைந்தது, எதிர்ப்பொருளும் எழுந்தது. நல்ல ஆராய்ச்சி; செய்தவர்களின் உழைப்புக்கு என் வணக்கம். ஆனால் அதை மேற்கோள் காட்டியவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. ரீசஸ் குரங்கு கொரோனாவால் கடுமையாக நோயுறுவதில்லை. ஊசி போடாத குரங்கே இலேசாக நோயுற்றுத் தானே தேறிவிடுகிறது. மரணத்தின் வாயில்வரை செல்லாத பிராணியை வைத்துக்கொண்டு, மரணத்திலிருந்து மருந்து காக்கும் என்று எப்படிச் சொல்வது? 2021 ஜனவரி 3ஆம் நாள் அம்மருந்துக்கு அனுமதி வழங்கப்பட்டபோது காப்பைப் பற்றி அரசின் கையிலிருந்தவை பிராணிப் பரீட்சைகளும், மனிதரிடம் முதலிரு கட்டங்களில் அளந்த எதிர்ப்பொருள் அளவுகளுமே. எத்தனை பேரை நோயிலிருந்து காக்கிறது என்ற கணக்கு அப்போது இல்லை. ஏறத்தாழ இருபத்தையாயிரத்து எண்ணூறு பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் 77.8 விழுக்காடு என்ற முடிவு பின்னரே வந்தது. முடிவுதான் நல்லதாக அமைந்ததே, பின் ஏன் குறை சொல்கிறாய் என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தவன் மறுகரை சேர்ந்துவிட்டதால் கண்ணை மூடிக் கடப்பது நெறியாகிவிடாது. கொள்ளைநோய்க் காலத்தில் அவசரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அவசரத்தில் துணிந்து கொடுக்கும்போது, "இன்னும் கணக்கு வரவில்லை, துணிந்து கொடுக்கிறோம்" என்று ஜனங்களிடம் சொல்லிக் கொடுப்பதே கண்ணியம். நிரூபணமாகிவிட்டது என்று சொல்லிக் கொடுப்பது அதற்கு மாறானது.

எய்ட்ஸ் நோய்க்கும் இதுவே நடந்தது. அங்கே முடிவு நல்லதாக அமையவில்லை. ஜிபி 120 என்ற மேற்பரப்புப் புரதத்தைப் பெற்ற சிம்பன்சிகள் காக்கப்பட்டதாக 1990ல் ஆய்வு வெளிவந்தது. அவ்வகைப் புரதத்தை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களிடம் பரீட்சித்தபோது, காப்பு இல்லை என்று 2003ல் தெரிந்தது. 1986ல் இந்தியாவில் முதன்முதலாக அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்ன நம் சென்னையிலேயே, காசநோய் ஆராய்ச்சி மையம் 2006ல் ஓர் எய்ட்ஸ் தடுப்பு மருந்தை முப்பத்திரண்டு தொண்டர்களிடம் பரீட்சிக்கத் தொடங்கி, எழுந்த எதிர்ப்பு மிதமானதே என்று கண்டு, அதை உள்ளபடியே உலகுக்குச் சொல்லிற்று. எந்த முரசும் கொட்டப்படவில்லை. நெறி என்பது அதுதான்.

பிராணியிலிருந்து மனிதனுக்குத் தாவுவதே கூடாது என்று சொல்லிவந்தேன். மனிதனிலிருந்து மனிதனுக்குத் தாவுவதற்கே எத்தனை எச்சரிக்கை வேண்டும் என்பதை வேலூர் உலகத்துக்குக் கற்பித்தது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மேல்நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று வேளை போதும் என்று நிறுவப்பட்டிருந்த வாய்வழிப் போலியோ மருந்து நம் குழந்தைகளுக்குப் போதவில்லை என்பதை 1970களிலேயே கண்டு எழுதினார். குரங்கிலும் சிம்பன்சியிலும், அதற்கப்பால் கோடிக்கணக்கான மேல்நாட்டுக் குழந்தைகளிலும் தேறிய மருந்து அது. அந்த எச்சரிக்கையை உரிய காலத்தில் முழுமையாகக் கேட்டிருந்தால் எத்தனை கால்கள் சூம்பாமல் பிழைத்திருக்கும் என்று நினைக்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. பின்னர் ரோட்டா வைரஸிலும் அதுவே. இருமுறை இயற்கையாகத் தொற்று வந்துபோன மெக்சிகோக் குழந்தைக்கு மறுபடி கடுமையான வயிற்றுப்போக்கு வரவில்லை என்று 1996ல் கண்டார்கள். வேலூரின் எளிய குடியிருப்புகளில் பிறந்ததுமுதல் பின்தொடரப்பட்ட முந்நூற்று எழுபத்துமூன்று குழந்தைகளிடமோ, மூன்று தொற்றுக்குப் பிறகும் காப்பு முழுமையாகவில்லை. டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களிலும் சுமார் ஆறாயிரத்து எண்ணூறு குழந்தைகளிடம் பரீட்சிக்கப்பட்ட நம் நாட்டு ரோட்டா மருந்து கடுமையான நோயைப் பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. ஐரோப்பாவில் அவ்வகை மருந்துகள் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தடுத்தன. பாதி என்றாலும் அது பெரும்பேறே, கொடுக்கத்தக்கதே. ஆனால் அந்தப் பாதி என்ற உண்மை எந்தப் பரீட்சைப் பிராணியின் இரத்தத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. வேலூர்த் தாய்மாரின் இடுப்பிலிருந்த குழந்தைகளிடமே தெரிய வந்தது.

எதிர்க்கட்சியாரின் மிகச் சிறந்த சாட்சியை நான் மறைக்கவில்லை. ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோயில், மேற்பரப்புப் புரதம் ஒன்றே மருந்தாயிற்று, சிம்பன்சியைக் காத்தது, நியூயார்க்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மனிதரிடம் நடந்து 1980ல் முடிவு வெளிவந்த பரீட்சையிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காத்தது, எதிர்ப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்குப் பத்து மில்லி அலகுக்கு மேலிருந்தால் காப்பு உண்டு என்ற இலக்கணமும் ஏற்பட்டது. பொருந்திய இடத்தில் பொருந்திற்று என்பதை மகிழ்ச்சியோடு ஒப்புகிறேன். ஆயினும் அந்த இலக்கணம் சிம்பன்சியிடமிருந்து வந்ததன்று, மனிதர்களைப் பின்தொடர்ந்து கண்டது. அதிலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டவர்களும் பெரும்பாலும் நோயுறாமலே இருக்கிறார்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருள் வற்றினாலும், பகைவனை நினைவில் வைத்திருக்கும் உயிரணுக்கள் வற்றுவதில்லை. ஆகவே கொள்கைக்கு அரணாகக் காட்டும் இடத்திலேயும் எண் சிறிதானால் காப்பில்லை என்ற பாதி இடிந்துவிழுகிறது.

அப்படியானால் பிராணிகளைக் கொண்டு பரீட்சிப்பதே வீண் என்கிறாயா என்று கேட்பார்கள். அன்று. ஆர்.எஸ்.வி. மருந்து ஏன் கெடுதல் செய்தது என்பதைப் பருத்தி எலி என்ற சிறு பிராணியின் நுரையீரலைக் கொண்டே பின்னாளில் விளக்கினார்கள். அந்தப் பரீட்சையை மருந்துக்குப் பின்னாலன்றி முன்னாலேயே செய்திருந்தால் இரண்டு குழந்தைகள் பிழைத்திருக்கலாம். எங்கே தீங்கு வரக்கூடும், எந்த வடிவம் பயன்படும், எந்த வழி நல்லது என்று கேட்டால் பிராணி உண்மையாகவே விடை சொல்லும். மனிதன் பிழைப்பானா என்ற கேள்விக்கு மட்டும் அதனிடம் விடையில்லை. கேளாத கேள்விக்கு விடை சொன்னதாக அதன்மேல் ஏற்றிச் சொல்வது, நம் பொருட்டு உயிர்விட்ட அந்த ஜந்துக்களுக்கும் செய்யும் அநியாயம்.

இக்கொள்கை ஜனங்களின் நம்பிக்கையை அரிக்கும் என்று முதலிற் சொன்னதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் பார்த்தாற் போதும். 2022ல் கேரளத்தில் வெறிநாய்க்கடியால் இறந்தவர்களிற் சிலர் ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்று தெரிந்தபோது, மருந்தே போலி என்ற பேச்சு எங்கும் பரவி, எல்லை தாண்டி எங்கள் வீதிகளுக்கும் வந்தது. மருந்து கசௌலியில் மறுபடியும் பரீட்சிக்கப்பட்டுத் தரமானதென்றே முடிவாயிற்று. அரசு அதைச் சொன்னபோது ஜனங்கள் நம்பவில்லை; ஏன் நம்புவார்கள்? ஊசி போட்டால் எதிர்ப்பொருள் ஏறும், ஏறினால் காப்பு என்று மட்டுமே அவர்களுக்குப் போதிக்கப்பட்டிருந்தது. இறந்தார்கள் என்றால் ஏறவில்லை, ஏறவில்லை என்றால் மருந்து பொய் என்று அவர்கள் முடிவுகட்டியது, நாம் கற்பித்த தர்க்கத்தின்படி சரியே. நரம்பு செறிந்த முகத்திலும் விரலிலும் ஆழக் கடிபட்டால், ஊசியால் எதிர்ப்பொருள் எழுவதற்கு வேண்டிய ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் வைரஸ் நரம்பினுள் புகுந்துவிடக்கூடும் என்பதையும், புகுந்தபின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் எவ்வளவாயினும் அதை எட்டுவதில்லை என்பதையும், ஆதலாற் கடித்த உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவுவதும், முன்னரே எதிர்ப்பொருளைத் திரட்டிவைத்த சீரத்தைக் காயத்தினுள்ளேயே செலுத்துவதும் ஊசிக்கு இணையான அவசியம் என்பதையும் எவரும் அவர்களுக்கு அழுத்தமாகச் சொல்லவில்லை. எத்தனை ஏறியிருக்கிறது என்று கேட்பதை விட்டு, நள்ளிரவில் கடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அந்தச் சீரம் தக்கலை அரசு மருத்துவமனையிலும், மலையோரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அந்நேரத்தில் கிடைக்குமா, அதைக் காயத்தினுள் செலுத்தப் பழகிய கை அங்கே இருக்குமா என்று எங்கள் ஊரார் கேட்கத் தொடங்கவேண்டும். பொறுப்பிலிருப்பவர்கள் அதற்கு விடை சொல்லவேண்டும்.